குமரி மாவட்டத்தின் அடுத்த மின்சாரம்: பழைய காற்றாலையா, மாடி வெயிலா, ஆழ்கடலா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கென்று அடுத்துச் செலவிடப்படும் பணம் எதில் போக வேண்டும் என்ற கேள்விக்கு இப்போது ஒரே நேரத்தில் பலர் விடை தேட வேண்டியிருக்கிறது. முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் இருபத்தைந்து, முப்பது ஆண்டுப் பழைய காற்றாலைகளை வைத்திருப்போர், அவற்றை ஓடும்வரை ஓட்டுவதா, இறக்கிவிட்டுப் பெரியதாக ஒன்றை நிறுத்துவதா என்று யோசிக்கிறார்கள். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் வீட்டு மாடியில் சோலார் பேனல் போடலாமா என்று குடும்பங்கள் கணக்குப் பார்க்கின்றன. அரசின் பார்வையோ கடலுக்குள்ளும் மலைமேலும் நீள்கிறது. இவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தபின் நான் வந்தடைந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த மாவட்டத்தில் பெரிய அளவு மின்சாரத்துக்கு முதலிடம் தர வேண்டியது புதிய நிலத்துக்கோ கடலுக்கோ இல்லை, ஏற்கெனவே காற்றாலைகள் நிற்கும் அதே கணவாயில் அவற்றைப் புதுப்பிப்பதற்குத்தான். மாடிச் சூரியசக்தி அதற்குத் துணையாக, காற்று ஓயும் மாதங்களை நிரப்புவதாக அமைய வேண்டும்.

இந்த முடிவுக்கான முதல் காரணம் நில அமைப்பில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடிவதற்கு முன் ஆரல்வாய்மொழியில் ஒரு கணவாயாகத் திறக்கிறது. அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி, வழி கிடைக்கும் இடத்தில் நெருங்கி, வேகம் கூடி, கிழக்கே பணகுடி, இராதாபுரம் சமவெளியை நோக்கிப் பாய்கிறது. பாலக்காடு, செங்கோட்டைக் கணவாய்களிலும் இதே இயற்பியல்தான். ஆனால் கடலுக்கு இவ்வளவு அருகில், இவ்வளவு குறுகலான வாயில் அமைந்திருப்பது இங்கேதான். காற்றாலைத் தொழிலில் இருப்பவர்கள் ‘காற்றுக் காலம்’ என்று குறிப்பிடும் மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் ஆண்டு உற்பத்தியின் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது. காற்றின் வேகம் இருமடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும் என்பதால், சுமாரான காற்றுள்ள இடத்துக்கும் நல்ல காற்றுள்ள இடத்துக்கும் இடையிலான வேறுபாடு வருமானத்தில் பன்மடங்காகத் தெரியும். அப்படிப்பட்ட இடம் நாட்டில் சிலவே உள்ளன. அவற்றில் ஒன்று தோவாளை வட்டத்தில் இருக்கிறது.

அந்த அரிய இடத்தில் இன்று நிற்பவை பெரும்பாலும் சிறிய எந்திரங்கள் என்பதுதான் இந்த மாவட்டத்தின் சிக்கல். தமிழ்நாட்டில் காற்றாலை மின்சாரம் 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் அரசின் செயல்விளக்கத் திட்டமாகத் தொடங்கியது. 1990களில் முதல் ஆண்டிலேயே முழு மதிப்பையும் தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்ற வருமான வரிச் சலுகை வந்தபோது, நூற்பாலை உரிமையாளர்கள் உட்படப் பலர் இங்கு வந்து முதலீடு செய்தனர். அப்போது கிடைத்தவை 225 கிலோவாட், 250 கிலோவாட், சற்றுப் பின்னர் 500 கிலோவாட் எந்திரங்கள். இறக்கை வட்டத்தின் விட்டம் 27 மீட்டர் அளவிலும் கோபுர உயரம் 30 மீட்டரை ஒட்டியும் இருந்தன. முதலில் வந்தவர்கள் காற்று மிகச் சிறந்த நிலத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அதில் தவறு எதுவும் இல்லை. அந்தத் துணிவு இல்லாமல் இந்தத் தொழிலே தமிழ்நாட்டில் வேரூன்றியிருக்காது. ஆயினும் அதன் விளைவாக, மிகச் சிறந்த காற்று மிகச் சிறிய இறக்கைகளுக்கு வாய்த்தது. பின்னர் வந்த பெரிய எந்திரங்கள் பலவும் காற்றுக் குறைந்த இடங்களைத் தேடிப் போக நேர்ந்தது.

காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவிலுக்கு வரும் சாலையில் ஒரு பழைய காற்றாலையின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் அதன் வயது தெரியும். உச்சிப் பெட்டிக்குக் கீழே கோபுரத்தின் மேல்பகுதியில் கியர் எண்ணெய் கசிந்து, புழுதி ஒட்டி, கறுத்த கோடாக இறங்கியிருக்கும். இறக்கையின் முன்விளிம்பு மணற்காற்றில் அரிபட்டு வழவழப்பை இழந்திருக்கும். காற்றை வெட்டும் விளிம்பு சொரசொரப்பானால் உந்துவிசை குறையும். அதே காற்றில் கிடைக்கும் யூனிட்டும் குறையும். மாதிரியே வழக்கொழிந்துபோனதால் உதிரிபாகம் புதிதாகக் கிடைப்பது அரிது; வேறெங்கோ கழற்றப்பட்ட எந்திரத்திலிருந்து எடுத்துப் பொருத்துவதே நடைமுறையாகிவிட்டது. காற்றுக் காலத்தின் நடுவில் ஒரு கியர் பாக்ஸ் பழுதாகி எந்திரம் சில வாரங்கள் நின்றால், அந்த ஆண்டின் வருமானத்தில் கணிசமான பகுதி கைவிட்டுப் போகும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 225 கிலோவாட் எந்திரம் ஒன்று தன் முழுத் திறனில் சராசரியாக 18 விழுக்காடு உற்பத்தி செய்வதாகக் கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 3.5 லட்சம் யூனிட் கிடைக்கும். பத்து எந்திரங்கள் சேர்ந்தால் 35 லட்சம். அந்தப் பத்தையும் இறக்கிவிட்டு, 140 மீட்டரைத் தாண்டிய இறக்கை விட்டமும் அதே அளவு கோபுர உயரமும் கொண்ட 3 மெகாவாட் எந்திரம் ஒன்றை நிறுத்தி, அது 32 விழுக்காடு திறனில் ஓடுவதாக வைத்துக்கொண்டால், ஆண்டு உற்பத்தி சுமார் 84 லட்சம் யூனிட். நிறுவுதிறன் 2.25 மெகாவாட்டிலிருந்து மூன்றாகத்தான் கூடியிருக்கிறது; மின்சாரமோ இரண்டரை மடங்கை நெருங்குகிறது. இறக்கை துழாவும் பரப்பு ஒவ்வொரு எந்திரத்துக்கும் ஏறத்தாழ 28 மடங்காவது இதற்கு ஒரு காரணம், உயரம் மற்றொன்று. தரையை ஒட்டிய காற்று மரத்திலும் மேட்டிலும் உராய்ந்து தளர்கிறது. பொதுவாகப் பின்பற்றப்படும் கணக்கீட்டின்படி 30 மீட்டரிலிருந்து 140 மீட்டருக்குப் போனால் வேகம் கால்பங்கு கூடும். அதில் பொதிந்துள்ள ஆற்றல் கிட்டத்தட்ட இருமடங்காகும். கணவாயில் காற்றின் போக்கு சமவெளியைப் போல் சீரானதாக இராது என்பதால், ஒவ்வொரு இடத்திலும் அளந்து பார்த்த பின்னரே இந்த எண்களை நம்ப வேண்டும்.

இதே 3 மெகாவாட்டைச் சூரிய மின்பூங்காவாக அமைத்தால் என்ன கிடைக்கும்? ஏறத்தாழ 12 முதல் 15 ஏக்கர் நிலம் தேவைப்படும். 19 விழுக்காடு திறனில் ஆண்டுக்கு 50 லட்சம் யூனிட் வரும். ஒரு மெகாவாட்டுக்கு ஆகும் முதலீடு காற்றாலையைவிடச் சூரியசக்திக்குக் குறைவு என்பதையும், மின்சாரத்தைக் குறைந்த விலைக்குத் தர முன்வருவோரைத் தேர்ந்தெடுக்கும் ஏலங்களில் விலை பல ஆண்டுகளாகவே சூரியசக்திக்குச் சாதகமாக இருப்பதையும் மறைக்க முடியாது. நாட்டின் முதல் காற்றாலை ஏலம் 2017 பிப்ரவரியில் யூனிட்டுக்கு 3.46 ரூபாயில் முடிந்தது. அதே ஆண்டு மே மாதம் இராஜஸ்தானின் பட்லாவில் சூரிய மின்சாரம் 2.44 ரூபாய்க்கு இறங்கியது. ஆனால் பட்லா பாலைவனம். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைந்ததற்கு இராமநாதபுரத்தின் வறண்ட, விரிந்த நிலம் இடம் கொடுத்தது. குமரி மாவட்டத்தின் மொத்தப் பரப்பே சுமார் 1,670 சதுர கிலோமீட்டர். அதில் கணிசமான பகுதி மலைக்காடு, மீதியில் 2011 கணக்குப்படி 18 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். வயலும் தென்னையும் வாழையும் ரப்பரும் வீடுகளும் இடைவெளியின்றி நெருங்கியிருக்கும் இங்கு நூறு ஏக்கரைப் பேனலுக்காகத் தேடுவது, எஞ்சியிருக்கும் நஞ்சையின் மேல் கை வைப்பதாகவே முடியும். காற்றாலைக்கு அடித்தளமும் பாதையும் போக மீதி நிலம் விவசாயத்துக்கோ மேய்ச்சலுக்கோ திரும்பிவிடுகிறது. ஆரல்வாய்மொழியில் இறக்கைகளுக்குக் கீழே ஆடுகள் மேய்வது அன்றாடக் காட்சி.

எனவே இந்த மாவட்டத்தில் சூரியசக்திக்கு உரிய இடம் மாடிதான். அங்கே அதற்கு நிகரில்லை. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் நூறு சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும். நல்ல வெயிலில் நாளுக்கு நான்கு யூனிட் வரும். 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் போடுவோருக்கு மொத்தம் 78,000 ரூபாயும் மானியமாகக் கிடைக்கிறது. இருந்தாலும் எல்லா வீட்டுக்கும் இது ஒரே அளவில் பொருந்தாது. தமிழ்நாட்டில் இரு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், 200 யூனிட்டுக்குள் முடித்துக்கொள்ளும் வீட்டுக்குப் போட்ட பணம் திரும்புவதற்கு நெடுங்காலம் ஆகும். குளிர்சாதனமும் மோட்டாரும் ஓடி 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளில் கட்டணம் கூர்மையாக ஏறுவதால், அவர்களுக்கு இது மிக விரைவில் பயன் தரும். மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். மாவட்டத்தின் மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் தென்மேற்குப் பருவத்தில் வானம் மூடியே கிடக்கும். வீட்டைச் சுற்றிலும் தென்னை நிற்கும். ஒரே ஓலையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும், அதனுடன் தொடராக இணைத்த மற்றவற்றின் உற்பத்தியும் குறையும். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து மாடிகளுக்கு அந்தக் குறை அவ்வளவாக இல்லை. விற்பனையாளர் தரும் அட்டவணை பெரும்பாலும் வறண்ட மாவட்டத்து வெயிலை வைத்துப் போட்டது என்பதால், வாங்குவோர் தம் மாடியில் ஆடி மாதத்து நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்த பின் கையெழுத்திடுவது நல்லது.

மாடியில் சிறு காற்றாலை வைத்தால் என்ன என்ற கேள்வியை, இத்தனை காற்றுள்ள ஊரில் பலரும் கேட்கிறார்கள். என் விடை வேண்டாம் என்பதே. சுற்றிலும் நூறு மீட்டருக்குள் இருக்கும் எந்தக் கட்டடத்தையும் மரத்தையும்விடக் குறைந்தது பத்து மீட்டர் உயரத்தில் இறக்கை சுழல வேண்டும் என்பது பொதுவான விதி. இருபது மீட்டர்த் தென்னை நிற்கும் இடத்தில் அதற்கு மேல் கம்பம் நட்டு ஒரு கிலோவாட் எந்திரத்தை நிறுத்துவது செலவுக்கும் பாதுகாப்புக்கும் ஒத்துவராது. மாடிக்கு மேலே வீசுவது சுழித்துக் கலங்கிய காற்று. அது எந்திரத்தைத் தேய்க்குமே தவிர யூனிட் தராது.

கடலைப் பொறுத்தவரை, காற்று உண்மையிலேயே அருமையானது. தமிழ்நாட்டுக் கரையோரக் கடலில் 35 ஜிகாவாட் அளவுக்கு வாய்ப்பு இருப்பதாக மத்திய அரசு மதிப்பிட்டிருக்கிறது. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை கடல் காற்றாலைகளுக்காக 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. குஜராத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் தலா 500 மெகாவாட் அதில் அடக்கம். இத்தனை பெரிய நிதி தேவைப்படுவதே, மானியம் இல்லாமல் அந்த மின்சாரத்தின் விலை கட்டுப்படியாகாது என்பதைக் காட்டுகிறது. இதை எழுதும் நாள்வரை இந்தியக் கடலில் வணிக நோக்கிலான காற்றாலை ஒன்றுகூட நிற்கவில்லை. சுமார் 70 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த மாவட்டத்தின் கரை முழுவதும் மீனவ ஊர்கள். எந்தத் தடம் வலைக்குரியது, எந்தத் தடம் கேபிளுக்குரியது என்பதை அவர்களோடு அமர்ந்து பேசாமல் வரைபடத்தில் கட்டம் போடுவது அநீதி. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது இந்தக் கடல் என்ன செய்தது என்பதைத் தூத்தூர் முதல் குளச்சல் வரை எந்த வீட்டிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கடலில் நிற்கப்போகும் கோபுரமும் அதைத் தாங்க வேண்டும். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் கடல் காற்று இந்தப் பகுதியின் பெரும் வளமாகலாம். இன்றைய பணத்துக்கு அது விடையாகாது. அலை மின்சாரமும் அப்படித்தான்: பக்கத்திலுள்ள விழிஞ்ஞத்தில் 1991இல் 150 கிலோவாட் சோதனை நிலையம் இயங்கியது, அது ஆய்வாகவே நின்றுவிட்டது.

கோதையாற்று நீர்மின்சாரத்தை இந்த ஒப்பீட்டில் சேர்க்காவிட்டால் கணக்கு முழுமையடையாது. 60, 40 மெகாவாட் திறனுள்ள இரண்டு மின்நிலையங்கள் அங்கே ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இயங்குகின்றன. அளவில் சிறியவை, ஆனால் காற்றுக்கும் வெயிலுக்கும் இல்லாத ஒரு குணம் அவற்றுக்கு உண்டு. மதகைத் திறக்கும் நேரத்தை மனிதர் தீர்மானிக்கலாம். மின்நிலையத்திலிருந்து வெளியேறும் தண்ணீர் பேச்சிப்பாறை அணையில் சேர்ந்து, கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இருபோக நெல்லுக்கும் பாய்கிறது. புதிய அணைகளுக்கு இனி இடமில்லை. சரணாலயக் காட்டை மூழ்கடித்து எடுக்கும் மின்சாரத்தைப் பசுமை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. வெள்ளிமலையில் 1,100 மெகாவாட் நீரேற்று மின்திட்டம் முன்மொழியப்பட்டிருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி உற்பத்தி செய்யும் இந்த முறை கோவை மாவட்டத்துக் கடம்பாறையில் 400 மெகாவாட் அளவில் ஏற்கெனவே இருக்கிறது. காற்றாலைக்கு அது மிகப் பொருத்தமான துணை என்பதில் ஐயமில்லை; காட்டுக்கு நேரும் இழப்பு முழுமையாக அளக்கப்பட்ட பின்னரே அதைப் பற்றி முடிவெடுக்க வேண்டும்.

மாதங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் இவற்றின் உறவு விளங்கும். மே பிற்பகுதி முதல் செப்டம்பர் வரை காற்று. அப்போது மாலையிலும் இரவிலும்கூட இறக்கை சுழல்வதால், சூரியன் மறைந்த பின் எழும் தேவைக்கு அது கைகொடுக்கிறது. அக்டோபர், நவம்பரில் காற்றும் ஓய்ந்து வானமும் மூடுகிறது. அணைகளில் நீர் இருக்கும். டிசம்பர் முடிந்து ஏப்ரல் வரை தெளிந்த வெயில். தமிழ்நாட்டின் மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. காற்றுக் காலம் தொடங்குவதற்குச் சற்று முந்தைய அந்தக் கோடையில் பகல் நேரத்தைத் தாங்கியதில் சூரியசக்திக்குப் பெரும் பங்குண்டு. ஆகவே காற்றா வெயிலா என்று ஒன்றைத் தள்ளி மற்றதை எடுப்பது தவறான தேர்வு. காற்றை எங்கே, வெயிலை எங்கே வைப்பது என்பதைத்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

இத்தனை நன்மை இருந்தும் பழைய காற்றாலைகள் ஏன் புதுப்பிக்கப்படவில்லை? மத்திய அரசு 2016இல் ஒரு கொள்கை வெளியிட்டு, 2023 டிசம்பரில் அதைத் திருத்தியது. 2 மெகாவாட்டுக்குக் குறைந்த எந்திரங்களைப் புதுப்பிக்கும் வாய்ப்பு நாடு முழுவதும் சுமார் 25 ஜிகாவாட் என்று தேசிய காற்றாற்றல் நிறுவனம் கணித்திருக்கிறது. அதில் தமிழ்நாட்டின் பங்கே மிகப் பெரியது. மாநில அரசும் 2024இல் தனிக் கொள்கை கொண்டுவந்தது. அதிலிருந்த மேம்பாட்டுக் கட்டணம் உள்ளிட்ட நிபந்தனைகளை உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் தயங்குவதற்கு முக்கியமான காரணம், மின்வாரியத்திடம் மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் ‘பேங்கிங்’ வசதி. ஆடியில் மிஞ்சிய யூனிட்டைத் தையில் தம் ஆலைக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் அந்த வசதி 2018 மார்ச் இறுதிக்குள் வந்த எந்திரங்களுக்கு ஓராண்டு அளவில் இருக்கிறது. பின்னர் வந்தவற்றுக்கு அதே அளவில் இல்லை. பழையதை இறக்கினால் அந்த உரிமையும் இறங்கிவிடுமோ என்று அஞ்சுபவரைக் குறை கூற முடியாது. காற்றுக் கால மின்சாரம் முழுவதையும் ஆண்டு முழுதும் சுமக்கும்படி மின்வாரியத்தை வற்புறுத்துவதும் நியாயமாகாது. பழைய எந்திரம் உற்பத்தி செய்துவந்த அளவுக்கு மட்டும் பழைய உரிமையைத் தொடர்ந்து, கூடுதலாகக் கிடைப்பதற்குப் புதிய விதியைப் பயன்படுத்தினால் இரு தரப்பும் ஏற்கக்கூடிய வழி பிறக்கும் என்று கருதுகிறேன்.

நிலம் மற்றொரு முடிச்சு. 144 மீட்டர் இறக்கை வட்டமுள்ள எந்திரங்களுக்கிடையே ஐந்து மடங்கு இடைவெளி என்றால் 720 மீட்டர் ஆகிறது. அந்த நீளத்துக்குள் இன்று பல உரிமையாளர்களின் சிறு மனைகள் கிடக்கின்றன. ஒருவர் மட்டும் புதுப்பித்தால் அண்டையவரின் காற்றை மறிப்பார். பத்துப் பேர் சேர்ந்தால் ஒவ்வொருவருக்கும் பங்கு கிடைக்கும். பழைய உற்பத்தியின் விகிதத்தில் பங்கு பிரித்துக்கொள்ளும் கூட்டு நிறுவனமே இதற்கு ஏற்ற அமைப்பு. இதனோடு, பழைய எந்திரங்களுக்காகப் போட்ட குறைந்த மின்னழுத்த மின்தடங்கள் புதியவற்றைத் தாங்காது என்பதால் துணை மின்நிலையங்களையும் உயர்த்த வேண்டும். காற்று பலமாக அடிக்கும் ஆடி மாதத்தில் இறக்கைகள் நிற்பதைப் பேருந்தில் போகிறவர்கள் பார்த்து வியக்கிறார்கள். பழுது காரணமாக நிற்பவற்றோடு, மின்தடம் ஏற்க முடியாததால் நிறுத்தப்பட்டவையும் அவற்றில் இருக்கும். தடத்தைச் சரிசெய்யாமல் எந்திரத்தை மட்டும் பெரிதாக்கினால் இந்த வீணடிப்பு கூடவே செய்யும்.

பறவைகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் இந்தக் கணவாயிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. வலசை வரும் பறவைகள் குளிர்காலத்தில், அதாவது காற்று தணிந்திருக்கும் மாதங்களில் வருவது நல்ல வாய்ப்பு. எந்திரங்களின் எண்ணிக்கை குறைவதும் நன்மைதான். ஆனால் உயர்ந்த இறக்கை வேறு பறவைகளின் உயரத்தைத் தொடும் என்பதால், ஆண்டு முழுவதும் கண்காணித்த பின் எந்திரம் நிற்கும் இடத்தைக் குறிப்பதே முறை.

ஆகவே, வைத்திருக்கும் காற்றாலை 500 கிலோவாட்டுக்குக் குறைந்ததாகவும் இருபது ஆண்டுக்கு மேற்பட்டதாகவும் இருந்தால், அடுத்த கியர் பாக்ஸை மாற்றப் பணம் ஒதுக்குவதற்கு முன் அண்டை உரிமையாளர்களோடு பேசத் தொடங்குவது சரியான முதல் அடி. பெரிய எந்திரத்துக்குக் கடன் தரும் வங்கி, குறைந்தது ஓராண்டுக் காற்று அளவீட்டைக் கேட்கும். அளவீட்டுக் கம்பம் ஒரு முழுக் காற்றுக் காலத்தைத் தவறாமல் காண வேண்டும் என்பதால், அதை ஏப்ரல் இறுதிக்குள் நட்டுவிட வேண்டும். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து 70 மீட்டர் இறக்கையை ஏற்றிவரும் வண்டிக்குத் திரும்ப இடமுள்ள பாதை உண்டா என்பதையும் அதே ஆண்டில் அளந்துவிடலாம். மாடியில் பேனல் போட நினைக்கும் குடும்பம் கடந்த ஆறு மின்கட்டண அட்டைப் பதிவுகளை எடுத்துக் கூட்டி, இரு மாதச் சராசரி 400 யூனிட்டைத் தாண்டுகிறதா என்று பார்த்தால் போதும். தாண்டினால் இந்த ஆண்டே போடலாம், தாண்டாவிட்டால் விலை இன்னும் இறங்கும் வரை காத்திருக்கலாம்.